சயாட்டிகா: இடுப்புல இருந்து கால் வரைக்கும் இழுக்கிற வலி பத்தி எங்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் மும்பையில சயன் பக்கத்துல பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன், பதினாலு வருஷமாச்சு. தாராவி, மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர்னு சுத்துவட்டாரத்து தமிழ் ஆளுங்க நிறைய பேர் வருவாங்க. ஹிந்தியில "தர்த்"னு ஒரு வார்த்தை சொல்லிடலாம், ஆனா "சுள்ளுனு இழுக்குது, குடையுது, மதமதன்னு இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு"ன்றதெல்லாம் தமிழ்லதானே வாயில வரும், எனக்கும் அந்த வார்த்தைங்கதான் வேணும், ஏன்னா இந்த வியாதியில பாதி துப்பு அதுலயே கிடைச்சிடும்.

திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்க வருது, அதான் எழுதி வைக்கிறேன். படிச்சிட்டு யாரும் தனக்குத்தானே வைத்தியம் பாத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட போகும்போது என்ன கேக்கணும், எதுக்கு பயப்படணும், எதுக்கு பயப்பட வேணாம்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

"இடுப்பு வலியும் சயாட்டிகாவும் ஒண்ணுதானே?"

இல்லைங்க. சாதாரண இடுப்பு வலி இடுப்போட நிக்கும், மிஞ்சிப் போனா புட்டம் வரைக்கும் வரும். சயாட்டிகான்னா இடுப்புல இருந்து கால்ல இறங்குற சயாட்டிக் நரம்போ அதோட வேரோ எங்கயோ நசுங்கி, வீங்கி, எரிச்சலாகி, அது போற வழியெல்லாம் வலிக்கிறது. புட்டம், தொடையோட பின்பக்கம், கெண்டைக்கால், பாதம்னு இறங்கும், பெரும்பாலும் ஒரே ஒரு கால்லதான். வலி முழங்காலைத் தாண்டி கீழ போச்சுன்னா, கூடவே மரத்துப்போறது, ஷாக் அடிக்கிற மாதிரி வெட்டுறது இருந்துச்சுன்னா சயாட்டிகாவா இருக்க வாய்ப்பு அதிகம்.

நம்ம உடம்புலயே தடிமனான நரம்பு இதுதான், புட்டத்துக்கிட்ட கிட்டத்தட்ட கட்டைவிரல் அகலம் இருக்கும். முதுகெலும்போட அடியில எல்4, எல்5, அதுக்குக் கீழ எஸ்1, எஸ்2, எஸ்3ன்னு அஞ்சு இடத்துல இருந்து வர்ற வேருங்க ஒண்ணா சேர்ந்து, தொடைக்குப் பின்னால இறங்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல ரெண்டா பிரியுது. இன்னொண்ணு, சயாட்டிகான்றது காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறியோட பேருதான். காய்ச்சல் எதனாலன்னு தேடுற மாதிரி இதுக்கும் காரணம் என்னன்னு தேடணும்.

"எனக்கு இடுப்புல ஒரு வலியும் இல்ல, கெண்டைக்கால்லதான் உயிர் போகுது. டாக்டர் ஏன் முதுகையே தட்டிப் பாக்கறாரு?"

நம்ம சால் வீடுகள்ல, அதான் வரிசையா ரூம் ரூமா இருக்கிற மாடிக் கட்டடத்துல, கீழ மீட்டர் ரூம்ல வயர் லூசானா மூணாவது மாடியில உங்க வீட்டு லைட்டுதான் மினுக்கும், பல்பை மாத்தி பிரயோஜனம் இல்ல. அதே மாதிரிதான். முதுகுல வேர் கிட்ட நசுங்குது, ஆனா மூளைக்கு அந்த நரம்பு சேதி கொண்டு வர்ற இடம் கெண்டைக்காலோ பாதமோ, அதனால அங்க வலிக்கிறதாதான் தெரியும். கெண்டைக்கால்ல தைலம் தேய்க்கிறதுனால தப்பு ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், ஆனா கோளாறு அங்க இல்ல.

"நான் வெயிட்டே தூக்கல, தும்மினேன் அவ்ளோதான். தும்மினா போய் டிஸ்க் விலகுமா?"

தும்மல் கடைசி தள்ளுதான், அதுக்கு முன்னாடியே டிஸ்க் பலவீனமா ஆகியிருக்கும். ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வைதான் டிஸ்க்குன்றோம், வெளிய கெட்டியான நார் வளையம், உள்ள ஜெல்லி மாதிரி. வயசு, பரம்பரை, பீடி சிகரெட், உடம்பு எடை, மணிக்கணக்கா குனிஞ்ச வாக்குல உக்காந்திருக்கிறது, குண்டும் குழியுமான ரோட்டுல நாள் பூரா வண்டி ஓட்டுறது, இதெல்லாம் சேர்ந்து அந்த வளையத்துல விரிசல் விடும், ஒரு நாள் உள்ள இருக்கிறது பிதுங்கி பக்கத்துல போற நரம்பு வேரை இடிக்கும். தும்மும்போதும் இருமும்போதும் முக்கும்போதும் உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறும், அதான் அந்த நிமிஷத்துல சுளீர்ங்குது. நசுங்குறது மட்டும் இல்ல, பிதுங்குன ஜெல்லி பட்ட இடத்துல நரம்பு வேர் வீங்கவும் செய்யும், வலியில பெரிய பங்கு அந்த வீக்கத்துக்குதான். டிஸ்க்குக்கும் இந்த வலிக்கும் உள்ள சம்பந்தத்தை 1934ல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க தெளிவா எழுதினதுக்கு அப்புறம்தான் மருத்துவ உலகம் பரவலா ஒத்துக்கிச்சு.

எல்லாமே டிஸ்க்கும் கிடையாது. அறுபது வயசுக்கு மேல நரம்பு போற குழாயே சுருங்கிப் போகலாம், ஒரு எலும்பு இன்னொண்ணு மேல முன்பக்கமா நழுவியிருக்கலாம், புட்டத்துக்குள்ள இருக்கிற பிரிஃபார்மிஸ்னு ஒரு தசை நரம்பை இறுக்கலாம். புட்டத்துல தப்பான இடத்துல ஊசி போட்டு நேரா நரம்புலயே பட்டு வந்தவங்களையும் பாத்திருக்கேன், ஊசி போட்ட நிமிஷமே கால்ல மின்சாரம் பாஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. அபூர்வமா கட்டி. நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபியையும் மறக்கக் கூடாது.

"காலையில எந்திரிச்சு தண்ணி புடிக்கும்போதுதான் பிடிச்சுக்கிச்சு. ஏன் எப்பவும் காலையிலயே வருது?"

இந்தக் கேள்விதான் தாராவி பொம்பளைங்ககிட்ட இருந்து எனக்கு அதிகமா வர்றது. படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணியை உறிஞ்சி உப்பிக்கும், எந்திரிச்சு நடமாட நடமாட அந்த தண்ணி மெல்ல வெளியேறும். அதனால காலையில எந்திரிச்ச முதல் ஒரு மணி நேரம் டிஸ்க் நல்லா விம்மி இறுக்கமா இருக்கு, அந்த நேரத்துல குனிஞ்சா மத்த நேரத்தை விட ரொம்ப அதிகமா அதுமேல பாரம் ஏறும். நம்ம சந்துல தண்ணி வர்றது எப்போ? விடியக்காலையில. படுக்கையில இருந்து எந்திரிச்ச கையோட, தூக்கக் கலக்கத்துல, வாசப்படிக்குக் கீழ இருக்கிற குழாய்ல குனிஞ்சு, பதினஞ்சு இருபது லிட்டர் குடத்தை தூக்கி அப்படியே திரும்பி உள்ள வைக்கிறோம். குனியறது, தூக்கறது, திரும்பறது மூணும் ஒண்ணா, அதுவும் அந்த நேரத்துல.

தண்ணி புடிக்காதீங்கன்னு நான் சொல்ல முடியாது, வீட்ல தண்ணி இல்லனா என்ன பண்ணுவீங்க. தண்ணி வர்றதுக்கு ஒரு இருபது நிமிஷம் முன்னாடி எந்திரிச்சு சந்துல மேலயும் கீழயும் நடங்க. பைப்பை குழாய்ல மாட்டி நேரா டிரம்முக்கே விடுங்க, குடம் வேணாம். டிரம்மை ஒரு ஸ்டூல் உயரத்துல வச்சா மொண்டு எடுக்கவும் குனிய வேணாம். தூக்கியே ஆகணும்னா பாதி குடம், உடம்போட ஒட்டி, முழங்காலை மடக்கி எந்திரிச்சு, திரும்பணும்னா இடுப்பை முறுக்காம பாதத்தை எடுத்து வச்சு திரும்புங்க. ஒரு அம்மாவுக்கு நான் மாத்தினது அந்த பைப் ஒண்ணுதான், பத்தடி பச்சை பைப், ரெண்டு மாசத்துல மூணு தடவை பிடிச்சிக்கிட்டு வந்தவங்க அதுக்கப்புறம் ஒரு வருஷம் வரல.

"எந்த நரம்புன்னு வீட்லயே கண்டுபிடிக்க ஏதாச்சும் வழி இருக்கா?"

ஓரளவுக்கு இருக்கு. பாதத்து மேல்பக்கம், கட்டைவிரல் வரைக்கும் வலியோ மரப்போ இருந்தா பெரும்பாலும் எல்5. சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கால்னா எஸ்1. முழங்காலுக்குக் கீழ உள்பக்கமா இறங்கினா எல்4. டாக்டர் உங்களை மல்லாக்க படுக்க வச்சு முழங்காலை மடக்காம காலைத் தூக்குவாரே, முப்பதுல இருந்து எழுபது டிகிரிக்குள்ள முழங்காலுக்குக் கீழ சுளீர்னா வேர் எரிச்சலா இருக்குன்னு ஒரு அடையாளம்.

அதை விட முக்கியமா நான் எல்லார்கிட்டயும் சொல்றது, சுவத்தைப் புடிச்சிக்கிட்டு பத்து அடி குதிகால்ல நடங்க, பத்து அடி நுனிக்கால்ல நடங்க. குதிகால்ல நடக்கும்போது முன்பாதம் தரையில விழுதுன்னா பாதத்தை தூக்குற பலம் குறையுது. நுனிக்கால்ல ஒரு பக்கம் எம்ப முடியலனா எஸ்1 பலம் போகுது. வலி எவ்ளோங்கிறதை விட இந்த பலம் எப்படி இருக்குன்றதுதான் எனக்கு வேணும், தினம் ஒரு தடவை பாருங்க.

லெதர் பேக் தைக்கிற ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு சிரிச்சிக்கிட்டே வந்தாரு. "வலி போயிடுச்சு மேடம், இந்த செருப்புதான் அடிக்கடி கழண்டுக்குது, ஸ்டேஷன் பிரிட்ஜ்ல ரெண்டு தடவை விட்டுட்டு வந்துட்டேன், புதுசு வாங்கியும் நிக்கல"ன்னாரு. கட்டைவிரலை மேல தூக்குங்கன்னேன், இடது விரல் மேல தூக்குச்சு, வலது விரல் அசையவே இல்ல. செருப்புல ஒரு தப்பும் இல்ல, நரம்பு வேலை செய்யறதை நிறுத்த ஆரம்பிச்சதால வலியும் சேர்ந்து அடங்கியிருக்கு. அன்னிக்கே ஸ்பைன் சர்ஜன்கிட்ட அனுப்பினேன், அந்த வாரமே ஆபரேஷன் ஆச்சு, பாதம் ஒழுங்கா தூக்க எட்டு மாசம் ஆச்சு.

"எப்போ எல்லாத்தையும் விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

மூத்திரம் வரணும்னு இருந்தும் போக மாட்டேங்குது, இல்ல போறதே தெரியல, மலம் அடக்க முடியல, சைக்கிள் சீட்ல உக்காந்தா படுற இடம் இருக்கில்ல, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாய் சுத்தி, அங்க தொட்டா தெரியல, ரெண்டு காலும் ஒரே சமயத்துல தளருது. இதுல ஒண்ணு இருந்தாலும் அது கீழ இறங்குற நரம்புக் கத்தையே மொத்தமா நசுங்குற அவசரம். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி, மறுநாள் ஓபிடிக்கு கேஸ் பேப்பர் எடுக்கலாம்னு காத்திருக்காதீங்க. சயன் ஆஸ்பத்திரியோ பரேல் கேஈஎம்மோ, நியூரோசர்ஜரி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு நேரா போங்க. சில மணி நேரத்துக்குள்ள முடிவு எடுக்க வேண்டிய விஷயம், லேட்டானா மூத்திரக் கட்டுப்பாடு திரும்ப வராமலே போயிடலாம். நம்ம பொம்பளைங்க வெக்கப்பட்டு இதை வெளிய சொல்லாம ரெண்டு நாள் உக்காந்திருப்பாங்க, தயவுசெஞ்சு சொல்லுங்க, டாக்டர் ஆம்பளையா இருந்தாலும் சொல்லுங்க.

பாதம் தொங்கிப்போறது, நாளுக்கு நாள் பலம் குறையறது, இதுவும் அவசரம்தான், அதே நாள்ல காட்டணும். காய்ச்சல், சாயங்காலமானா உடம்பு சுடறது, ராத்திரி வேர்வை, காரணமில்லாம எடை குறையறது, படுத்தாலும் எப்படி புரண்டாலும் ராத்திரியில குறையாத வலி, முன்னாடி கேன்சர் வந்தவங்க, கீழ விழுந்து அடிபட்டவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்ட் சாப்பிடறவங்க, இவங்கல்லாம் என் மாதிரி பிசியோகிட்ட வர்றதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்து டெஸ்ட் எடுத்துடணும்.

"எம்ஆர்ஐ எடுத்தேன், நாலு இடத்துல டிஸ்க் பல்ஜ்னு போட்டிருக்கு. என் முதுகு முடிஞ்சுதா?"

முடியல. பல்ஜ்னா டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். 2015ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்புல, வலியே இல்லாத சாதாரண ஆளுங்க ஸ்கேன்களைப் பாத்தப்போ இருபது வயசுக்காரங்கள்லயே நூத்துக்கு முப்பது பேருக்கு பல்ஜ் இருந்துச்சு, எண்பது வயசுல நூத்துக்கு எண்பத்தி நாலு பேருக்கு. தலைமுடி நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் நரைக்கும். ரிப்போர்ட்ல சொல்ற இடமும் உங்க கால் சொல்ற இடமும் ஒத்துப்போகுதான்றதுதான் கேள்வி. வலது கால்ல சுண்டுவிரல் பக்கம் வலிக்குது, ரிப்போர்ட்ல இடது பக்கம் எல்3-எல்4ல பல்ஜ்னு இருந்தா அந்த பல்ஜுக்கும் உங்க வலிக்கும் சம்பந்தம் இருக்கிறது சந்தேகம்தான்.

முன்னாடி சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லனா முதல் ஆறு வாரத்துல பெரும்பாலும் எம்ஆர்ஐ தேவைப்படாது, ஏன்னா அதுல என்ன வந்தாலும் அந்த சமயத்துல செய்யப்போற வைத்தியம் அதேதான். வாரக்கணக்கா குறையாம இருந்து ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கறப்போ கண்டிப்பா எடுக்கணும். எக்ஸ்ரேல டிஸ்க்கும் நரம்பும் தெரியாது, எலும்பு மட்டும்தான், அதை வச்சு "ஜவ்வு தேஞ்சிருச்சு"ன்னு யாராச்சும் பயமுறுத்தினா மனசை விட்டுடாதீங்க.

"ஒரு மாசம் பெட் ரெஸ்ட் எடுக்கணுமா? தரையில பாய் போட்டு படுத்தா சரியாகும்ன்றாங்களே?"

வலி உச்சத்துல இருக்கிற முதல் ஒண்ணு ரெண்டு நாள் படுத்துக்கோங்க, தப்பில்ல. அதுக்கு மேல படுக்கைதான் எதிரி. 1999லயே நெதர்லாந்துல ஆய்வு பண்ணி, ரெண்டு வாரம் படுத்தே இருந்தவங்களும் முடிஞ்ச வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தவங்களும் ஒரே மாதிரிதான் குணமானாங்கன்னு காட்டிட்டாங்க, படுத்ததுல கூடுதல் லாபம் இல்ல. படுத்துக்கிட்டே இருந்தா தசை இளைக்கும், மலச்சிக்கல் வரும், முக்கினா வலி ஏறும், இன்னும் பயம் வரும்.

தரை, பாய், ஆர்த்தோ மெத்தைன்னு எதுவும் கட்டாயம் இல்ல. எதுல தூக்கம் வருதோ அதுல படுங்க. தரையில படுத்தா எந்திரிக்கிறதுதான் கஷ்டம், அதனால வலி இருக்கிற வரைக்கும் கட்டில் நல்லது. ஒருக்களிச்சு படுத்து முழங்காலுக்கு நடுவுல தலகாணி, மல்லாக்கன்னா முழங்காலுக்கு அடியில தலகாணி. எந்திரிக்கும்போது பக்கவாட்டுல உருண்டு, காலைக் கீழ விட்டு, கையை ஊனி எந்திரிங்க.

"வெஸ்டர்ன் டாய்லெட் எங்க வீட்ல இல்ல, பொது கக்கூஸ்தான். குந்தவே முடியல, என்ன பண்றது?"

எல்லாரும் கேக்கத் தயங்குற கேள்வி, ஆனா இது இல்லாம ஒரு நாள் ஓடாது. குந்தும்போது இடுப்பு முழுசா வளையும், டிஸ்க் வலிக்காரங்களுக்கு அதுதான் ரொம்ப கஷ்டம். நடுவுல ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் கமோட் ஸ்டூல் மெடிக்கல் சாமான் கடையில கிடைக்கும், இந்தியன் டாய்லெட் மேல வச்சு உக்காரலாம், பொது டாய்லெட்டுக்கும் தூக்கிட்டுப் போகலாம். கூச்சமா இருக்கும், ஒரு மாசம்தானே. மலச்சிக்கல் வராம தண்ணி, கீரை, பழம் பாத்துக்கோங்க, சில ஸ்ட்ராங் வலி மாத்திரைங்களே மலத்தை இறுக்கும், டாக்டர்கிட்ட சொன்னா அதுக்கும் மருந்து தருவாரு.

"மெடிக்கல்ல சொன்னா நரம்பு மாத்திரைன்னு ஒண்ணு தர்றான். சாப்பிடலாமா?"

நரம்பு மாத்திரைன்னு தர்றது பெரும்பாலும் ப்ரீகேபலினும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்தது. மெத்தில்கோபாலமின்றது பி12 விட்டமின். பி12 குறைவா இருந்தா அது வேணும், சைவம் மட்டும் சாப்பிடறவங்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கும் குறையலாம், டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ப்ரீகேபலின் விஷயத்துல, 2017ல ஆஸ்திரேலியால நடந்த ஆய்வுல சயாட்டிகாவுக்கு அது டம்மி மாத்திரையை விட பெருசா ஒண்ணும் பண்ணல, தலைசுத்தல் மட்டும் அதிகமா இருந்துச்சு. சாப்பிட்டு நல்லா இருக்குன்னா நான் நிறுத்தச் சொல்லல, நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. மாத்திரை போட்டு லோக்கல் ட்ரெயின்ல படியில தொங்கிட்டு போறது, வண்டி ஓட்டுறது வேணாம்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைங்க சில நாளைக்கு உதவும். அல்சர், கிட்னி பிரச்சனை, பிபி, இதய நோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாம மாசக்கணக்கா தினம் ஒண்ணுன்னு வாங்கி முழுங்கி கிட்னியைக் கெடுத்துக்கிட்டு வந்தவங்களைப் பாத்தா மனசு ஆறல எனக்கு.

"யூடியூப்ல பாத்து எக்ஸர்சைஸ் பண்ணேன், அதிகமாயிடுச்சு. எக்ஸர்சைஸே ஆகாதா?"

ஆகும், ஆனா உங்க காரணத்துக்கு ஏத்தது. டிஸ்க் பிதுங்கினவங்க நிறைய பேருக்கு முன்னாடி குனிஞ்சா வலி ஏறும், குப்புற படுத்து முழங்கையை ஊனி நெஞ்சை லேசா தூக்கினா குறையும். நரம்புக் குழாய் சுருங்கின வயசானவங்களுக்கு அப்படியே தலைகீழ், பின்னாடி வளைஞ்சா வலி, குனிஞ்சா சுகம். ஒரே வீடியோ ரெண்டு பேருக்கும் எப்படி சரியா வரும்? குனிஞ்சு காலைத் தொடுறது, தொடை நரம்பை இழுத்து இழுத்து ஸ்ட்ரெச் பண்றது ஆரம்பத்துல வேணவே வேணாம், எரிச்சல்ல இருக்கிற நரம்பை இழுத்தா இன்னும்தான் கோவப்படும்.

எல்லாருக்கும் பொதுவா நான் குடுக்கிற முதல் மருந்து நடை. அஞ்சு நிமிஷம் நடந்தா வலிக்குதுன்னா நாலு நிமிஷமா ஒரு நாளைக்கு ஆறு தடவை நடங்க. அப்புறம் மெல்ல கூட்டுங்க.

"பிசியோ பண்ண ஆரம்பிச்சு கால் வலி குறைஞ்சு இடுப்பு வலி வந்துடுச்சு. தப்பா பண்ணிட்டீங்களா மேடம்?"

இப்படிக் கேட்டா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாயிடும். பாதத்துல இருந்த வலி கெண்டைக்காலுக்கு ஏறி, அப்புறம் தொடை, அப்புறம் இடுப்புல வந்து நின்னா அது குணமாகுற திசை, இடுப்புல கொஞ்ச நாள் கூடுதலா வலிச்சாலும் பரவாயில்ல. எக்ஸர்சைஸ் பண்ணும்போது வலி இன்னும் கீழ பாதத்துக்கு இறங்கினா அதை அன்னிக்கே நிறுத்திட்டு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, வலி குறையும்போது பலமும் சேர்ந்து குறையக்கூடாது, அந்த செருப்புக்காரர் கதை மேல சொன்னேனே.

"பெல்ட், இழுக்கிற மெஷின், கரண்ட் ட்ரீட்மென்ட் இதெல்லாம்?"

பெல்ட் ஆரம்பத்துல ட்ரெயின்ல போகும்போது, நிக்கும்போது ஒரு தெம்பு குடுக்கும், சில வாரத்துல விட்டுடணும். ட்ராக்ஷன், கரண்ட் இதெல்லாம் என் கிளினிக்லயும் இருக்கு, கொஞ்ச நேரம் ஆறுதல் கிடைக்கும், ஆனா பிதுங்குன டிஸ்க்கை உள்ள தள்ளும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. வெந்நீர் ஒத்தடம் நல்லது. அதுக்கு பணம் ஆகாது.

"சுளுக்கு எடுக்கலாமா? பக்கத்து வீட்டு மராத்தி ஆயி, பாயாளு உதைச்சா போயிடும்ன்றாங்க."

பாயாளுன்னா கால் முன்னாடி வெளிய வந்து பொறந்தவங்க, அவங்க இடுப்புல காலால ஒரு உதை விட்டா பிடிப்பு போகும்னு இங்க நம்பிக்கை. தசைப்பிடிப்பு ரெண்டு மூணு நாள்ல தானாவே விடும், அதே நேரத்துல உதை வாங்கியிருப்பாங்க, அதனால பேர் அதுக்குப் போயிடும். லேசா எண்ணெய் தேய்ச்சு விடுறது சுகம், பண்ணிக்கோங்க. முதுகுல ஏறி மிதிக்கிறது, டக்குனு முறுக்கி நெட்டி எடுக்கிறது, உதைக்கிறது வேணாம். டிஸ்க் ஏற்கனவே பிதுங்கியிருந்தா ஒரே முறுக்குல மொத்தமா வெளிய வரலாம், வயசானவங்கன்னா எலும்பே நொறுங்கலாம். ஆயுர்வேதத்துல இந்த வலிக்கு கிருத்ரசின்னு பழைய பேரே இருக்கு, அந்த வழியில போறவங்க படிச்ச வைத்தியர்கிட்ட போங்க, மேல சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தா முதல்ல எமர்ஜென்சி.

"எனக்கு சுகர் இருக்கு. இது சுகர் நரம்பா, சயாட்டிகாவா?"

சுகர் நரம்பு வழக்கமா ரெண்டு பாதத்துலயும் சமமா, சாக்ஸ் போட்ட மாதிரி எரிச்சலும் மரப்பும் குடுக்கும். சயாட்டிகா ஒரு பக்கமா கோடு போட்ட மாதிரி இறங்கும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

வயசானவங்க இன்னொரு விஷயம் பாக்கணும். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சிக்குது, நின்னா விடுதுன்னா அது காலுக்கு ரத்தம் போற குழாய் அடைப்பா இருக்கலாம். வெறுமனே நின்னா போதாது, உக்காரணும், இல்ல எதையாச்சும் பிடிச்சு குனியணும்னா அது நரம்புக் குழாய் சுருக்கமா இருக்கலாம். மாட்டுங்கா மார்க்கெட்ல தள்ளுவண்டியைப் பிடிச்சிக்கிட்டு குனிஞ்சா எவ்ளோ தூரமும் போவேன், நிமிந்து நடந்தா பத்து கடை தாண்ட முடியலன்னு ஒரு பெரியவர் சொன்னாரு, அந்த ஒரு வரியிலயே பாதி தெரிஞ்சு போச்சு.

"அஞ்சாம் மாசம், புட்டத்துல இருந்து கால் வரைக்கும் இழுக்குது. குழந்தைக்கு ஏதும் ஆகுமா?"

வலியால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நிறைய பேருக்கு அது இடுப்பு மூட்டு வலிதான், நிஜ சயாட்டிகா கொஞ்சம் பேருக்குதான் வரும். இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்காலுக்கு நடுவுல தலகாணி, ஒத்தக்கால்ல நின்னு சேலை கட்டாம உக்காந்து கட்டுங்க. வலி மாத்திரை நீங்களா எதுவும் வாங்காதீங்க, உங்க லேடி டாக்டர் சொல்றது மட்டும்.

"முதுகுல ஊசி போடறேன்றாங்க, இல்லனா ஆபரேஷன்றாங்க. ஆபரேஷன் பண்ணா கால் விளங்காமப் போயிடும்னு ஊர்ல பயமுறுத்தறாங்க."

நரம்பு வேர் பக்கத்துல போடற ஸ்டீராய்ட் ஊசி சிலருக்கு சில வாரம், சில மாசம் வலியைக் குறைக்கும், அந்த இடைவெளியில உடம்பு தானா ஆறிக்க வழி கிடைக்கும். டிஸ்க் ஆறுமான்னு கேப்பீங்க, ஆறும். பிதுங்கி வெளிய வந்ததை உடம்பு அந்நியப் பொருளா நினைச்சு கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும், பெருசா வெளிய வந்ததுதான் அதிகமா கரையுது. அதனாலதான் பெரும்பாலானவங்க ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துல நல்லா தேறிடறாங்க.

2007ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு, ஆறு வாரத்துக்கு மேல கடுமையான வலி இருந்தவங்கள்ல பாதி பேருக்கு சீக்கிரமே ஆபரேஷன், மீதி பேருக்கு முதல்ல மருந்தும் உடற்பயிற்சியும், முடியலனா ஆபரேஷன். ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலி சீக்கிரம் போச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு பேர் தேறியிருந்தாங்க. ரெண்டாவது குழுவுல நூத்துக்கு முப்பத்தொம்பது பேர் கடைசியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்கன்றதையும் சொல்லணும். ஆக, மூத்திரப் பிரச்சனை இல்ல, பலம் குறையலன்னா அவசரம் இல்ல, உங்க வலி, உங்க வேலை, உங்க சம்பளம் எவ்ளோ நாள் தாங்கும்னு பாத்து நீங்க முடிவு பண்ணலாம். பலம் குறைஞ்சா அந்த சுதந்திரம் இல்ல. பிதுங்குன டிஸ்க் துண்டை சின்னதா கீறி எடுக்கிற ஆபரேஷனுக்கு மைக்ரோடிஸ்கெக்டமின்னு பேரு, அனுபவமுள்ள சர்ஜன் பண்ணா அதுல கால் விளங்காமப் போறது ரொம்ப அபூர்வம். ஊர்ல கேக்கிற கதைகள்ல பலது, லேட்டா போய் நரம்பு செத்ததுக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணவங்களோடது.

"சரியாயிடுச்சு. மறுபடி வருமா? தாம்பத்யம் எப்போ?"

சிலருக்கு மறுபடி வரும், அதை மறைக்க மாட்டேன். நடை, இடுப்பு வயிறு தசைப் பயிற்சி, எடை, பீடி சிகரெட் விடுறது, தையல் மெஷின்ல உக்காந்து வேலை பாக்கறவங்க அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நிக்கிறது, இதெல்லாம் வாய்ப்பைக் குறைக்கும். பேண்ட் பின்பாக்கெட்ல தடியான பர்ஸை வச்சு நாள் பூரா உக்காந்திருக்கிற ரிக்‌ஷாக்காரங்க அதை முதல்ல சட்டைப் பைக்கு மாத்துங்க. தாம்பத்யத்துக்கு தடை இல்ல, வலி தாங்குற அளவு வந்ததும், வலி இருக்கிறவங்க கீழயோ ஒருக்களிச்சோ இருந்துக்கிட்டா போதும்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போகணும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஒரு நாளுக்கு மேல உக்காந்து போகலாமா?"

பலம் சரியா இருந்து, அரை மணி உக்கார முடியுதுன்னா போகலாம். உக்காந்தே போகாதீங்க, படுங்க, நடங்க, மணிக்கு ஒரு தடவை பெட்டி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி. மடிச்ச துண்டை இடுப்பு வளைவுல வச்சுக்கோங்க. ஊருக்கு வாங்கின சாமான் மூட்டையை நீங்க தூக்காதீங்க, கூட வர்ற பசங்க தூக்கட்டும், இல்ல கூலி குடுங்க. மேல் பெர்த் ஏறவே வேணாம். டிக்கெட் போடும்போதே லோயர் பெர்த் கேளுங்க, சைட் லோயர் வந்தா யார்கிட்டயாச்சும் சொல்லி மாத்திக்கோங்க, ரெண்டு சீட்டை மடக்கிப் போடுவாங்களே, அந்த நடு இடுக்கு சரியா இடுப்புக்குக் கீழதான் வரும்.